வேர்ட்பிரஸ் தீமில் தமிழ்ப் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு வலைத்தளம் தொடங்கி, வேர்ட்பிரஸில் ஒரு தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) போட்டுவிட்டு, "டெமோவில் பார்த்த மாதிரி வரவே இல்லையே" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. என்னிடம் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தமிழில் எழுதுகிறவர்கள். டெமோவில் இருப்பது ஆங்கிலம். வரி இடைவெளி, தலைப்பின் அளவு, சுருக்கத்தின் நீளம் எல்லாமே அந்த எழுத்தின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவை. நம் எழுத்துக்கு அதைக் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டும். முக்கால்வாசி வேலைக்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. எந்த இடத்தில் எதை மாற்றுவது என்று தெரிந்தால் போதும்.

கீழே மெனுப் பெயர்களை ஆங்கிலத்தில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பெரும்பாலோர் டாஷ்போர்டை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

எல்லா வீடியோவிலும் 'அப்பியரன்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்' என்று இருக்கிறது. என் தளத்தில் 'எடிட்டர்' என்றுதான் இருக்கிறது. ஏதாவது விட்டுப்போயிற்றா?

எதுவும் விட்டுப்போகவில்லை. உங்களுடையது பிளாக் தீம். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் இரண்டு வகைத் தீம்கள் உண்டு. பழைய வகையில் 'கஸ்டமைஸ்' திரை. எதை மாற்றலாம் என்பதைத் தீம் செய்தவர் முடிவு செய்திருப்பார். புதிய வகையில் 'எடிட்டர்' திரை. பதிவுப் பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் (அதைத்தான் 'பிளாக்' என்கிறார்கள்) நீங்களே நகர்த்தலாம், எடுக்கலாம், சேர்க்கலாம்.

ஒரு வகைக்குச் சொன்ன வழி மற்றதற்குப் பொருந்தாது. உதவி தேடும்போது முதலில் உங்கள் தீம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் பாதி நாளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு பதிவில் தேதியை எடுத்துவிட நினைத்தேன். எல்லாப் பதிவிலும் போய்விட்டது. ஏன்?

நீங்கள் மாற்றியது டெம்ப்ளேட்டை. 'சிங்கிள் போஸ்ட்ஸ்' என்ற டெம்ப்ளேட் எல்லாப் பதிவுக்கும் பொதுவான அச்சு. அதில் தலைப்பு, தேதி, படம், உள்ளடக்கம் எந்த வரிசையில் வரும் என்பது இருக்கும். பதிவுக்குள் போய் நீங்கள் எழுதுவது 'உள்ளடக்கம்' என்ற ஒரு கட்டத்துக்குள் மட்டும்தான் விழுகிறது.

ஒன்றிரண்டு பதிவுக்கு மட்டும் வேறு வடிவம் வேண்டுமென்றால், உதாரணமாகக் கவிதைக்குச் சைட்பார் (பக்கவாட்டுப் பட்டி) இல்லாத பக்கம் வேண்டுமென்றால், தனியாக ஒரு டெம்ப்ளேட் உருவாக்குங்கள். பிறகு அந்தப் பதிவைத் திறந்து, வலது பக்கப் பட்டியில் 'டெம்ப்ளேட்' என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். கவிதையும் கட்டுரையும் சமையல் குறிப்பும் ஒரே தளத்தில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

முகப்பில் ஆறு பதிவுகள் போதும் என்று 'செட்டிங்ஸ்', 'ரீடிங்' போய் மாற்றினேன். இன்னும் பத்துதான் வருகிறது.

பிளாக் தீமில் பதிவுகளை வரிசையாகக் காட்டுவது 'குவரி லூப்' என்ற பிளாக். அது பொது அமைப்பைப் பின்பற்றும்படி இருந்தால் 'ரீடிங்' பக்கத்தில் உள்ள எண்ணைக் கேட்கும். எந்தப் பதிவுகளைக் காட்டுவது என்று தனியாக வினவல் வைத்திருந்தால் பிளாக்குக்குள்ளேயே ஓர் எண் இருக்கும். 'ரீடிங்' பக்கத்தை அது ஏறெடுத்தும் பார்க்காது. டெம்ப்ளேட்டைத் திறந்து, அந்த பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, வலது பக்கம் பாருங்கள்.

முகப்பின் மேலே ஒட்டிவைத்த பழைய பதிவு ஏதாவது இருந்தால், அது உங்கள் எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக வரும். ஆறு என்று சொல்லியும் ஏழு வந்தால் காரணம் இதுதான்.

பதிவுகளுக்கென்று 'வலைப்பூ' என்று ஒரு பக்கம் உருவாக்கி, அதில் ஒரு முன்னுரையும் எழுதினேன். முன்னுரை தெரியவில்லை.

'ரீடிங்' அமைப்பில் ஒரு பக்கத்தைப் பதிவுகள் பக்கமாக ஒதுக்கியவுடன், அந்தப் பக்கத்துக்குள் எழுதியதை வேர்ட்பிரஸ் காட்டாது. பட்டியல் மட்டும்தான் வரும். முன்னுரையை 'பிளாக் ஹோம்' (Blog Home) டெம்ப்ளேட்டில், பட்டியலுக்கு மேலே சேர்த்துவிடுங்கள்.

எழுத்து சின்னதாகவும் நெருக்கமாகவும் தெரிகிறது. எங்கே மாற்றுவது, எவ்வளவு வைப்பது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வேர்ட்பிரஸோடு வரும் 'ட்வென்டி ட்வென்டி-ஃபைவ்' தீம் எடுத்துக்கொள்வோம். அதன் உடல் எழுத்துக்கு 'மேன்ரோப்' என்ற எழுத்துரு, 300 என்ற மெல்லிய எடை (எழுத்தின் தடிமன்), வரி உயரம் 1.4, எழுத்திடைவெளி பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஆங்கிலத்தில் பளிச்சென்று இருக்கும். தமிழுக்கு இந்த நான்குமே சரிப்படாது.

மேன்ரோப்பில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால் படிக்கிறவரின் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை உலாவி எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் அது நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒரே பதிவு மூன்று வீட்டில் மூன்று விதமாகத் தெரியும். உங்கள் திரையில் அழகாக இருப்பதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்துகள் நடுப்பட்டையிலேயே நின்றுவிடும். தமிழில் 'கீ', 'ஞீ', 'மி' என்று மேலே வளைகிறது, 'நூ', 'ழு', 'ஸ்ரீ' என்று கீழே இறங்குகிறது, புள்ளி வேறு தலைக்கு மேல் உட்காருகிறது. 1.4 வைத்தால் மேல் வரியின் 'நூ'வும் கீழ் வரியின் 'ண்'ணும் ஒன்றையொன்று தொடப் பார்க்கும். 1.7 அல்லது 1.8 வையுங்கள். நீளமான கட்டுரைக்கு நான் 1.8க்குக் கீழே போவதில்லை.

எழுத்தின் அளவு 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். வயதானவர்கள் படிக்கும் தளம் என்றால் 19, 20 கூட நல்லது. 'ணை', 'னை' இரண்டும் சின்ன அளவில் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். எழுத்திடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். எடையை 400க்குக் கொண்டுவாருங்கள்.

இவை எல்லாம் 'எடிட்டர்', 'ஸ்டைல்ஸ்', 'டைப்போகிராஃபி' என்ற ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கேயே 'ஹெடிங்ஸ்' என்று தனியாக உண்டு. தலைப்பின் அளவை டெமோவில் இருப்பதைவிட நன்றாகவே குறையுங்கள், வரி உயரம் 1.4 அளவில் இருக்கட்டும். 'நாட்டுப்புறப்பாடல்களிலிருந்து' என்று ஒரே சொல் வந்தால் கைப்பேசியின் அகலத்தையே தாண்டிவிடும். ஆங்கிலத்தில் அதையே மூன்று நான்கு சொல்லாக மடித்துக்கொள்வார்கள், நம்மால் முடியாது.

அப்படியானால் எந்த எழுத்துரு போடலாம்?

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் உடல் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை நம்பிக்கையானவை. கதை, கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அச்சுப் புத்தகத்தின் சாயலைத் தரும். காட்டமரான் தலைப்புக்கு நன்றாக இருக்கும். அதில் ஒன்பது எடைகள் இருப்பதால் மெல்லியதும் தடித்ததும் கலந்து அடுக்கலாம். கவிவாணர் கையெழுத்துச் சாயல், மேற்கோளுக்குச் சரி, முழுப் பதிவுக்கு வேண்டாம்.

மீரா இனிமை, பவனம் போன்றவற்றில் ஒரே ஓர் எடைதான் உண்டு. அதில் நீங்கள் எழுத்தைத் தடிமனாக்கினால் உலாவி தானாகவே மை பூசித் தடிமனாக்கும். 'ற்ற', 'ண்ண' எல்லாம் அடைத்துக்கொண்டுவிடும். உபதலைப்பு அதிகம் போடுகிறவர்கள் தவிர்க்கலாம்.

நிறுவுவது எளிது. 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து பிளாக் தீம்களில் எழுத்துரு நூலகம் இருக்கிறது. 'டைப்போகிராஃபி' பகுதிக்குள் போனால் கூகுள் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து நிறுவலாம், கோப்பாக வைத்திருந்தால் ஏற்றலாம். கோப்பு உங்கள் சர்வரிலேயே வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு எடைக்கு மேல் நிறுவாதீர்கள். ஒவ்வோர் எடையும் ஒரு கோப்பு, படிக்கிறவரின் டேட்டாவில்தான் அது இறங்குகிறது.

பத்திகளை இரு பக்கமும் நேராக வரும்படி சீர்செய்யலாமா? புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது?

புத்தகத்தில் வரி முடியும் இடத்தில் சொல்லை உடைப்பார்கள். தமிழ் அச்சில் 'கொண்டிருந்' என்று ஒரு வரியில் நின்று 'தார்கள்' என்று அடுத்த வரியில் தொடர்வது வழக்கம், இடையில் கோடுகூடப் போடுவதில்லை. உலாவி அதைச் செய்யாது. முழுச் சொல்லையும் கீழே தள்ளிவிட்டு, மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொல்லை இழுத்து நிரப்பும். கைப்பேசியில் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி நிற்பதைத் தள்ளிச் சாய்க்கிறது. மேற்கோளுக்குத் தீம் தானாகச் சாய்வு போட்டிருந்தால் எடுத்துவிட்டு, இடது பக்கம் ஒரு கோடோ பின்னணி நிறமோ கொடுங்கள். முதலெழுத்தைப் பெரிதாக்கும் 'டிராப் கேப்' வசதியையும் நான் அணைத்தே வைப்பேன். 'கொ' மாதிரி மூன்று பாகம் கொண்ட எழுத்தில் பத்தி தொடங்கினால் அது பக்கத்தை அடைத்துக்கொள்ளும்.

சைட்பார் தேவையா?

பதிவுப் பக்கத்தில் தேவையில்லை என்பது என் கருத்து. கைப்பேசியில் அது பதிவுக்குக் கீழே போய் விழும், அங்கே யாரும் பார்ப்பதில்லை. கணினியில் வரியின் அகலத்தைத் தின்றுவிடும். தொடர்புள்ள பதிவுகளும் வகைகளும் பதிவின் அடியில் இருந்தாலே போதும். உள்ளடக்கத்தின் அகலம் 650 முதல் 720 பிக்சல் வரை இருக்கலாம். 'ஸ்டைல்ஸ்', 'லேஅவுட்' பகுதியில் மாற்றலாம்.

முகப்பில் ஒவ்வொரு பதிவும் நீளநீளமாக வருகிறது. சுருக்கம் போட்டால் அதுவும் நீளமாக இருக்கிறது.

பட்டியல் டெம்ப்ளேட்டில் 'கன்டென்ட்' பிளாக் இருந்தால் முழுப் பதிவும் வரும், 'எக்ஸெர்ப்ட்' இருந்தால் சுருக்கம். வேர்ட்பிரஸின் சுருக்கம் வழக்கமாக 55 சொற்கள். இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. 'போய்க்கொண்டிருந்தவர்களிடம்' அதற்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் நாலு வரி வருகிற 55 சொல் தமிழில் ஏழெட்டு வரி ஆகிவிடும். அந்த பிளாக்கின் அமைப்பிலேயே சொல் எண்ணிக்கையைக் குறைக்கலாம். 25 வையுங்கள், பட்டியலில் ஒவ்வொரு பதிவின் அட்டையும் அளவாக இருக்கும்.

இதைவிட நல்லது, பதிவின் வலது பட்டியில் இருக்கும் 'எக்ஸெர்ப்ட்' கட்டத்தில் நீங்களே இரண்டு வரி எழுதுவது. எழுதாவிட்டால் பதிவின் முதல் வரிகளைத்தான் அது எடுத்துக்கொள்ளும். "எல்லோருக்கும் வணக்கம்" என்று தொடங்குகிற பழக்கம் உள்ளவர்களின் முகப்பு முழுக்க வணக்கமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நீளமான கட்டுரை எழுதினாலும் '1 நிமிட வாசிப்பு' என்றே காட்டுகிறது.

தீம் செய்தவர் சொற்களை எண்ணப் பயன்படுத்திய பிஎச்பி (வேர்ட்பிரஸின் நிரல்மொழி) செயல்பாடு ஆங்கில எழுத்தை மட்டும்தான் எழுத்தாக ஏற்கும். உங்கள் இரண்டாயிரம் சொல் கட்டுரை அதன் கணக்கில் பூஜ்யம். பூஜ்யத்தை ஒரு நிமிடமாக உயர்த்திக் காட்டுகிறது. தீமின் அமைப்பில் அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். தெரிந்தவர் இருந்தால், இடைவெளியை வைத்து எண்ணும்படி மாற்றச் சொல்லுங்கள், ஒரு வரி வேலை.

இதற்கு உறவான இன்னொரு குறை: அட்டையில் தலைப்பின் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வருவது. கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். தீம் பைட்டை எண்ணித் தலைப்பை வெட்டினால் எழுத்தின் நடுவில் கத்தி விழும். எழுத்தை எண்ணி வெட்டினாலும் சிக்கல் உண்டு. 'தமிழ்' என்பதில் புள்ளி தனிக் குறியீடு, அதற்கு முன்னால் வெட்டினால் 'தமிழ' என்று நிற்கும். நான் ஒரு நண்பருக்காக வாங்கிய தீமில் இந்தக் குறை இருந்தது. செய்தவர்களுக்கு எழுதினேன், "எங்கள் பக்கம் சரியாகத்தான் தெரிகிறது" என்று பதில் வந்தது. அவர்கள் பக்கம் ஆங்கிலம்தானே இருக்கும். படம் எடுத்து, எந்த இடத்தில் வெட்டுகிறது என்று காட்டி மறுபடி எழுதிய பிறகு அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். நீங்களும் எழுதுங்கள், சொன்னால்தான் தெரியும்.

பதிவின் முகவரி தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம், வேலை செய்யும். ஆனால் இரண்டு விஷயம். முகவரிப் பட்டியில் தமிழாகத் தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறிகளின் நீண்ட வால் வரும். வாட்ஸப்பில் பெரியவர்கள் அதைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று பயப்படுகிறார்கள்.

இன்னொன்று, வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 இடம்தான் ஒதுக்குகிறது. ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது இடம் எடுத்துக்கொள்ளும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. ஆக 22 குறியீட்டோடு சரி. 'ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் பார்த்தது' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'ஆடிப்பெருக்கு-அன்று-ஆற்ற' என்று பாதியில் நின்றுவிடும்.

நான் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கி வைக்கிறேன். பதிவை வெளியிடும் முன் வலது பட்டியில் 'ஸ்லக்' என்ற இடத்தில் மாற்றலாம். வெளியிட்ட பதிவில் மாற்றினாலும் பழைய முகவரிக்கு வருகிறவரை வேர்ட்பிரஸ் புதியதற்கு அனுப்பிவிடும்.

காலை ஆறு மணிக்கு வரும்படி நேரம் குறித்தேன். பதினொன்றரைக்குத்தான் வந்தது.

'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பக்கத்தில் நேர மண்டலம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இந்தியாவில் இருப்பவர்கள் கொல்கத்தா, இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பு என்று தேர்ந்தெடுங்கள். டொரன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் நேரம் மாறும்போது தானே மாறிக்கொள்ளும்.

பதிவுக்குக் கீழே 'ரீட் மோர்', மாதப் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது.

அதே 'ஜெனரல்' பக்கத்தில் தளத்தின் மொழியைத் தமிழாக்குங்கள். மாதப் பெயர்கள் மாறிவிடும், தேதி வடிவத்தில் நாளை முன்னால் வைத்தால் '14 ஏப்ரல் 2025' என்று வரும். டாஷ்போர்டு ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டுமென்றால் 'யூசர்ஸ்', 'புரொஃபைல்' பக்கத்தில் உங்களுக்கு மட்டும் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம்.

தீம் சொந்தமாகச் சேர்த்த சொற்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாமல் இருக்கலாம். பிளாக் தீமில் 'ரீட் மோர்' என்ற எழுத்தின் மேலேயே சொடுக்கி 'மேலும் வாசிக்க' என்று எழுதிவிடலாம். பழைய வகைத் தீமுக்கு 'லோக்கோ டிரான்ஸ்லேட்' என்ற பிளகின் (கூடுதல் வசதிக்கான செருகுநிரல்) உதவும்.

சிறப்புப் படம் பதிவில் இரண்டு முறை வருகிறது. பட்டியலில் தலை வெட்டுப்பட்டு வருகிறது.

இரண்டு முறை வருவதற்குக் காரணம், நீங்கள் படத்தைச் சிறப்புப் படமாகவும் வைத்து, பதிவின் தொடக்கத்திலும் சேர்த்திருப்பது. ஒன்றை எடுங்கள். வெட்டுப்படுவது தீமின் விகிதத்தால். முக்கியமான முகமோ பொருளோ நடுவில் இருக்கும் படமாகப் போடுங்கள். 1200க்கு 630 பிக்சல் என்ற அளவு பகிரும்போதும் பொருந்தும். படத்துக்குள் தலைப்பை எழுதி வைக்காதீர்கள், பட்டியலில் ஓரங்கள் போய்விடும்.

படத்தின் அளவுகளை 'மீடியா' அமைப்பில் மாற்றினால் இனி ஏற்றும் படங்களுக்குத்தான் பொருந்தும். பழையவற்றுக்கு 'ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ்' பிளகினை ஒரு முறை ஓடவிட வேண்டும்.

தீமை அப்டேட் செய்தேன். செய்த மாற்றமெல்லாம் போய்விட்டது!

தீமின் கோப்புகளுக்குள் நேரடியாகக் கைவைத்திருப்பீர்கள். அப்டேட் வரும்போது அந்தக் கோப்புகள் புதியவற்றால் மாற்றப்படும். பழைய வகைத் தீமில் கோப்பைத் திருத்தத்தான் வேண்டுமென்றால் சைல்டு தீம் (மூலத் தீமைச் சார்ந்த துணைத் தீம்) ஒன்று உருவாக்கி அதில் திருத்துங்கள். நிறம், இடைவெளி மாதிரிச் சின்ன மாற்றத்துக்கு 'அடிஷனல் சிஎஸ்எஸ்' கட்டம் போதும். அப்டேட்டில் அது அழியாது. ஆனால் வேறு தீமுக்கு மாறினால் கூடவே வராது, ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பிளாக் தீமில் 'எடிட்டர்' வழியாகச் செய்தவை தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன, அதனால் பத்திரம். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: நீங்கள் ஒரு டெம்ப்ளேட்டைத் தொட்டுவிட்டால், பிறகு தீம்காரர் அதில் செய்யும் திருத்தம் உங்களுக்குத் தெரியாது. வேண்டுமென்றால் அந்த டெம்ப்ளேட்டை 'ரீசெட்' செய்ய வேண்டும். செய்தால் உங்கள் மாற்றம் போய்விடும்.

மாற்றிச் சேமித்தேன், எதுவும் மாறவில்லை.

பக்கத்தின் பழைய பிரதியைச் சேமித்துக் காட்டும் கேஷ் பிளகின் இருந்தால் அதைக் காலி செய்யுங்கள். பிறகு உலாவியின் தனிச் சாளரத்தில் பாருங்கள். பத்தில் எட்டு முறை இதோடு தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நான் ஒரு சோதனைப் பதிவு வைத்திருக்கிறேன், வரைவாகவே இருக்கும். அதன் தலைப்பு மூன்று வரி நீளும். உள்ளே 'ஸ்ரீ', 'நூ', 'ஞீ', 'கௌ', 'க்ஷ' எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் வரும்படி ஒரு பத்தி, 'விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற சொல் உபதலைப்பில், ஒரு மேற்கோள், ஒரு பட்டியல், நாலு வரிக் கவிதை, தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்த ஒரு வாக்கியம், நெடுக்கான ஒரு படம், குறுக்கான ஒரு படம். எந்தத் தீம் போட்டாலும் முதலில் இந்தப் பதிவின் முன்னோட்டத்தைத்தான் திறப்பேன். கணினியில் ஒரு முறை, என் கைப்பேசியில் ஒரு முறை, அப்புறம் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அப்பாவின் கைப்பேசியில் ஒரு முறை. கடைசியில்தான் தலைப்பு திரைக்கு வெளியே ஓடுவதும், கவிதையின் வரிகள் உடைவதும் தெரியவரும். அதைக் குறித்துக்கொண்டு வந்து 'ஸ்டைல்ஸ்' திரையைத் திறப்பேன்.